செய்த வேலை, செய்தவர் கையெழுத்து

அந்த யோசனை என்னுடையது. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன்; இல்லாவிட்டால் என் மகள் சொல்லிவிடுவாள்.

அவளுக்குக் கட்டடக்கலை படிக்க வேண்டும். எங்களுக்கு எட்டுகிற தூரத்தில் அதற்கு ஒரே ஒரு கல்லூரிதான். பள்ளி மதிப்பெண்ணுக்கு ஐம்பது, நுழைவுத் தேர்வுக்கு முப்பது, பிற செயல்பாடுகளுக்கு இருபது என்று நூற்றுக்குக் கணக்குப் போடுவார்கள். போன வருடம் கடைசி இடம் எழுபத்தெட்டில் முடிந்தது. பள்ளியில் அவள் கெட்டி. நுழைவுத் தேர்வு கொஞ்சம் இழுபறி. செயல்பாடுகள்தான் சுத்தமாக இல்லை. நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கமெல்லாம் மாடிப்படி வரைவது அதில் சேராதாம்.

எதிர்வீட்டுப் பையனும் அதே கல்லூரிக்குத்தான் விண்ணப்பிக்க இருந்தான். நீச்சல், சதுரங்கம், புல்லாங்குழல், மரம் நடுதல் என்று எல்லாவற்றுக்கும் சான்றிதழ் வைத்திருந்தான். மூச்சு விடுவதற்கு மட்டும்தான் வாங்கவில்லை. அவன் அம்மா அதையெல்லாம் என்னிடம் காட்டிவிட்டுப் போன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகுதான் விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்தேன். நாற்பது மணி நேரம் பொதுச்சேவை செய்தால் இருபதுக்கு இருபது. உள்ளூர் நூலகத்தில் சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் சின்னக் குழந்தைகளுக்குக் கதை படித்துக்காட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். வருகைத் தாளை நூலகரே உறையிலிட்டு ஒட்டிக் கல்லூரிக்கு அனுப்பிவிடுவார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தேன்.

மகள் நாலு சனிக்கிழமை போனாள். ஐந்தாவது வாரம் நுழைவுத் தேர்வுப் பயிற்சி வகுப்பைச் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. வீட்டில் சனிக்கிழமை சும்மா இருக்கிற ஆள் ஒருவர் உண்டே.

"என்னங்க, அவளுக்குப் பதிலா நீங்க போய்ட்டு வாங்க."

"நானா? நான் என்ன படிக்கிறது?"

"குழந்தைங்க கதைதானே. நரி வரும், காக்கா வரும். தாள்ல மேல அவ பேர்தான் இருக்கு. யாரு பார்க்கப் போறாங்க?"

"அம்மா, இது சரியா?" என்றாள் மகள்.

"நீ போய்ப் படி."

என் கணவர் "ம்" என்றார். இருபது வருடக் குடித்தனத்தில் அந்த 'ம்'முக்கு எத்தனை அர்த்தம் என்று நான் இன்னும் கற்றுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒவ்வொரு கட்டடத்திலும் லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறையில் ஓர் அட்டை தொங்கும். போன தேதி, நேரம், செய்த வேலை, மிச்சமிருக்கும் குறை, செய்தவர் கையெழுத்து எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டும். "செய்யாத வேலைக்குக் கையெழுத்துப் போட்டா முதலாளி கேக்க மாட்டாரு, கயிறு கேக்கும்" என்பார். இதைக் கல்யாணமான புதிதிலிருந்து கேட்டு எனக்குக் காது புளித்திருந்தது. புளித்த காதில் எதுவும் ஏறாது என்பதுதான் என் தப்பு.

முப்பத்தாறு சனிக்கிழமை போனார். காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடி முன்னால் நின்று கரடிக் குரல் பழகினார். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் பொறாமையும் வந்தது.

சான்றிதழ்களைச் சரிபார்க்கும் நேர்முகத்துக்கு நான்தான் கூடப் போனேன். பெற்றோர் ஒருவர் பின்னால் உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது. நடுவில் இருந்த பேராசிரியை ஒரு தாளை எடுத்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் ஊரார் பார்வையெல்லாம் அளப்பவள் நான். அவ்வளவு தூரத்திலிருந்தே அந்தக் கையெழுத்து யாருடையது என்று தெரிந்துவிட்டது.

"'கரடிக் கதை பாதியில் நிறுத்தப்பட்டது'" என்று அவர் வாசித்தார். "'காரணம்: முன்வரிசையில் ஒரு குழந்தை அழுதது. கரடிக் குரல் அதிகம். அடுத்த வாரம் சரிசெய்யப்படும்.' அடுத்த வாரம், 'குரல் குறைக்கப்பட்டது. கரடி இப்போது நன்றாக இயங்குகிறது.'" பக்கத்தில் இருந்தவர் இருமி இருமிச் சிரிப்பை அடக்கினார். "அஞ்சாவது வரியிலேருந்து எல்லாத்துலயும் 'மகளுக்குப் பதிலாக'ன்னு எழுதி ஒருத்தர் கையெழுத்துப் போட்டிருக்காரே, யாரும்மா அது?"

என் பக்கம் திரும்பிப் பார்க்காமலே மகள் சொன்னாள். "எங்க அப்பா மேடம். நான் போனது முதல் நாலு மணி நேரம் மட்டும்தான். மத்ததெல்லாம் அவர் போனது."

"அப்ப நீ என்ன பண்ணின?"

"நுழைவுத் தேர்வுக்குப் படிச்சேன்."

"எவ்வளவு வாங்கின?"

"முப்பதுக்கு இருபத்தாறு."

"நாலு மணி நேரத்துக்கு இருபதுல ரெண்டுதான் போட முடியும், தெரியுமா?"

"தெரியும் மேடம்."

நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாமா என்றிருந்தது. அவள் பொய் சொல்லவில்லை. பொய்யை நான்தான் தைத்து அவளுக்கு மாட்டிவிட்டிருந்தேன்.

மாலையில் அவர் வந்ததும் பிடித்துக்கொண்டேன். "தாள்ல என்ன எழுதினீங்க?"

"நடந்ததை."

"யாரு பார்க்கப் போறாங்கன்னு நான் சொல்லலையா?"

"சொன்ன. மேலதான் அவ பேர் இருந்துச்சே. கீழ போனவன்தானே கையெழுத்துப் போடணும்?" என்றவர், என் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கி, "சீட்டு போயிடுச்சா?" என்றார். அன்று இரவு அவர் சாப்பிடவில்லை. கோபப்பட வந்தவள் அவர் தட்டை மூடி வைத்துவிட்டு என் தட்டையும் மூடினேன்.

நாற்பத்தெட்டு, இருபத்தாறு, இரண்டு. மொத்தம் எழுபத்தாறு. காத்திருப்போர் பட்டியலில் மூன்றாவது. எதிர்வீட்டுப் பையனுக்கு இடம் கிடைத்தது; அவன் அம்மா இனிப்போடு வந்தாள், நானும் சிரித்துக்கொண்டே தின்றேன்.

மறுநாள் காலை மகள் செருப்பு மாட்டினாள். விடுமுறை என்பதால் நூலகத்தில் தினமும் கதை நேரம்.

"இப்ப எதுக்குடி? மார்க் போட்டு முடிச்சாச்சே."

"முப்பத்தாறு மணி நேரம் என் பேர்ல பாக்கி இருக்கும்மா."

"நானும் வரட்டா?" என்றார் அவர்.

"வாப்பா. ஆனா கேக்க மட்டும்தான்."

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை கல்லூரியிலிருந்து தொலைபேசி வந்தது. ஓர் இடம் காலியாம். எனக்கு முன்னால் இருந்த இரண்டு பேரும் வேறிடம் போய்விட்டார்களாம். 'எனக்கு' என்றா சொன்னேன், அவளுக்கு. கடையை அப்படியே விட்டுவிட்டு நூலகத்துக்கு ஓடினேன். அவள் கையில் புத்தகம். சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு வாண்டுகள், நடுவில் முட்டி காதைத் தொடக் குட்டி நாற்காலியில் என் கணவர். நான் கையை ஆட்டினேன். அவள் தலை நிமிராமல் விரலைத் தூக்கி, இருக்கச் சொன்னாள். கதை முடியவில்லையாம்.

கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். கரடி காட்டுக்குத் திரும்பிப் போனது. அவ்வளவுதான் கதை. அதற்குப் போய் எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை.

செய்தியைச் சொன்னதும் அவர் எழுந்து நாற்காலியோடு தடுமாறினார். மகள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் வருகைத் தாளை எடுத்து எழுதினாள். எட்டிப் பார்த்தேன்.

'கரடிக் கதை முழுமையாகப் படிக்கப்பட்டது. குறை: கடைசி வரிசையில் ஒருவர் அழுதார். குழந்தை அல்ல. அடுத்த முறை சரிசெய்யப்படும்.'

கீழே அவள் கையெழுத்து.