மூன்றாவது வாசல்

பஹாய் வழிபாட்டு இல்லத்துக்கு முகப்பு என்று தனியாக ஒன்று கிடையாது. ஒன்பது பக்கங்கள், ஒன்பது வாசல்கள். யார் எத்திசையிலிருந்து வந்தாலும் அதுவே தலைவாசல். உள்ளே சிலையில்லை, பிரசங்கமில்லை, வாத்தியமில்லை. மனிதக் குரல் மட்டும். பொறியாளனாக அதன் வரைபடத்தை முதன்முதலில் விரித்த நாளில், இத்தனை பணிவான கட்டடத்துக்கு நான் தகுதியானவன்தானா என்று தயங்கினேன். எந்த வாசலும் முதல் வாசலாகிவிடக் கூடாதென்று, சுவர்களில் சாக்பீஸால் எழுதியிருந்த எண்களையும் நானே அழிக்கச் சொன்னேன்.

அதன் பிறகுதான், தாமரை வடிவக் கூரையில், ஒரு வாசலுக்கு மேலே கவிந்திருந்த இதழில் மயிரிழை விரிசலைக் கண்டேன். குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டினேன். விரிசல் அசைந்தால் கண்ணாடி உடையும்.

மறுநாள் பாடகர் குழுவின் ஒத்திகை; அதற்குள் கூரை இதழ்களைத் தாங்கி நின்ற முட்டுக்கம்புகளைப் பிரிக்க வேண்டும். மேஸ்திரி என் தங்கையின் கணவர்.

"மூணாவது பக்கத்துல மட்டும் முட்டுங்க இருக்கட்டும், மாப்ளே. மத்ததைப் பிரிச்சிடுங்க."

"அதைத் தொடுவேனா மச்சான்? நாளைக்கு உள்ள பாடப்போறது உங்க தங்கச்சி. ஒரு கல்லு உதிர்ந்தாலும் வீட்ல எனக்குச் சோறு கிடைக்காது!"

இருவரும் சிரித்தோம்.

காலையில் நான் வந்தபோது உள்ளே பாட்டு தொடங்கியிருந்தது. தூசு புகாதிருக்க ஒன்பது வாசல்களிலும் ஒரேமாதிரி வெள்ளைத் துணி தொங்கியது. விரிசல் கண்ட வாசலின் படியில், கண்ணாடி இரண்டாகக் கிடந்தது. இதழுக்கடியில் ஒரு முட்டுகூட இல்லை. நான்கு வாசல்கள் தள்ளி, பழுதற்ற இதழொன்றை முட்டுகள் பத்திரமாகத் தாங்கிக்கொண்டிருந்தன.

"என்ன மாப்ளே இது?"

"மூணாவதுதானே மச்சான்? தண்ணித்தொட்டி வாசல்லேர்ந்து எண்ணினேன்."

நான் சிமெண்டு கிடங்கு வாசலிலிருந்து எண்ணியிருந்தேன்.

மேலிருந்து மாவு சலித்ததுபோல் தூள் இறங்கியது.

"பாட்டை நிறுத்துங்க! இந்த வாசல் பக்கம் மட்டும் யாரும் வராதீங்க!" என்று கத்தினேன்.

பாட்டு நின்றது. மனிதக் குரலுக்கென்றே கட்டிய அந்தக் கூரை, என் குரலை வாங்கி ஒன்பது பக்கமும் திருப்பி அனுப்பியது. இந்த வாசல், இந்த வாசல் என்று ஒவ்வொரு வாசலும் சொன்னது. உள்ளே காலடிகள் சிதறி ஓடின.

மேஸ்திரி அவள் பெயரைச் சொல்லி அலறினார். அதுவும் அவ்விதமே ஒன்பதாகத் திரும்பியது.

என் முன்னிருந்த துணி அசைந்தது. அதன் ஓரத்தை உட்புறமிருந்து நான்கு விரல்கள் பற்றின.

"அண்ணே, எந்த வாசல்?"

நான் கையை நீட்டினேன். தலைக்கு மேலே ஏதோ முறிந்தது.