ஒரே இடைவெளி

சுரங்கத்துக்குள் பாறை சரிந்தபோது மூன்று கணினிகளில் முதலாவது என் மேசைமேல் வயிறு பிளந்து கிடந்தது. சர்வீஸ்காரர் காலையிலேயே அதைக் கழற்றிப் போட்டிருந்தார். கீழே காற்று அனுப்பும் விசிறியை ஓட்டுவது அது. இரண்டாவது கணினி தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்கு, மூன்றாவது லிஃப்டுக்கு. மற்ற இரண்டில் ஒன்று படுத்தால் மூன்றாவது தாங்கிக்கொள்ளும். அதற்காக அதன் ஒவ்வொரு நொடியிலும் இன்னொரு வேலை ஓடுமளவு ஓர் இடைவெளி விட்டுவைத்திருந்தேன். விசிறிக்கும் மோட்டாருக்கும் சேர்த்து ஒரே இடைவெளி. "ரெண்டும் ஒரே நேரத்துலயா சார் படுக்கும்?" என்று மேனேஜரிடம் மார்தட்டியவள் நான்தான். அந்த வாய்க்கொழுப்புக்குப் பதவி உயர்வு வேறு கொடுத்தார்கள்.

சரிந்த பாறை, கீழே இருந்த இரண்டாவது கணினியை நசுக்கிவிட்டது. அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த என் தம்பியின் காலையும்.

"ரத்தம் நிக்கலம்மா, சீக்கிரம் மேல தூக்குங்க" என்று போனில் கத்தினார் மேஸ்திரி.

அவனை ஏற்ற லிஃப்ட் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் இருந்த ஒரே இடைவெளியைக் காலையிலிருந்தே விசிறி பிடித்துக்கொண்டிருந்தது. மோட்டார் நின்றுவிட்டது. பாறைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவர்களுக்கு இடுப்பளவு தண்ணீர். விசிறியை நிறுத்தினால் மூச்சு முட்டும், மோட்டார் ஓடாவிட்டால் மூழ்குவார்கள்.

"சீக்கிரம் மாட்டுங்க சார்!"

"என் கையில மந்திரக்கோலா இருக்கு? ஒரு மணி நேரமாவது ஆகும்" என்றார் சர்வீஸ்காரர். அவர் கையிலிருந்த திருகு நழுவி உருண்டது. அவரைத் திட்டினேன், மேனேஜரைத் திட்டினேன், என்னைத் திட்டிக்கொண்டேன். திட்டி என்ன ஆகப்போகிறது?

மூன்றாவது கணினியிலிருந்து லிஃப்டை ஓட்டும் வேலையைத் தூக்கிவிட்டால் விசிறி, மோட்டார் இரண்டுக்கும் இடம் கிடைக்கும். வேறு எதைத் தூக்கினாலும் போதாது. மூன்று முறை கூட்டிக் கழித்துப் பார்த்தேன்.

தூக்கினேன். மோட்டார் உறுமுவது போனிலேயே கேட்டது. லிஃப்ட் பாதி வழியில் நின்றது.

மேஸ்திரி போனைத் தம்பியிடம் கொடுத்தார்.

"அக்கா, லிஃப்ட் எங்க வருது?"

"வரலடா. நான்தான் நிறுத்திட்டேன். அந்தப் பக்கம் தண்ணி ஏறுது. ஒரு மணி நேரம் தாக்குப்பிடிடா, கண்ணா."

அவன் வலியில் பல்லைக் கடிப்பது கேட்டது.

"சரிக்கா. ஆனா அம்மாகிட்ட நீயே சொல்லிடு."