கதைப் படகில் ஒரு சித்தி

சின்னவளுக்கு அன்று ஒரே ஒரு வேலைதான். அக்காள் மகளிடம் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். "சித்தி இனிமே உங்க வீட்லயே இருக்கப் போறேன்." அவ்வளவுதான். புதன்கிழமை பதிவு அலுவலகத்தில் கையெழுத்து. அதற்குள் குழந்தைக்குத் தெரிந்தாக வேண்டும், அதுவும் சின்னவள் வாயால்தான் தெரிய வேண்டும் என்று பெரியவர்கள் கூடிப் பேசி முடிவு செய்திருந்தார்கள். பெரியவர்கள் கூடிப் பேசினால் வேலை எப்போதும் அடுத்தவர் தலையில்தான் விழும்.

அக்காள் போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. சின்னவள் ஒரு சொட்டு கண்ணீர் விடவில்லை. "கல்லுளிமங்கி" என்று உறவுக்காரி ஒருத்தி காதுபடவே சொன்னாள். அதற்கும் அவளுக்குக் கோபம் வரவில்லை. பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை. ஊசி போட்ட ஐந்தாவது நிமிடம் நாற்காலியில் இருப்பவரிடம் "உதடு மரத்துடுச்சா?" என்று கேட்பது அவள்தான். அவர்கள் தலையாட்டுவார்கள். அவளிடம் அப்படி யாராவது கேட்டிருந்தால் அவளும் தலையாட்டியிருப்பாள். யாரும் கேட்கவில்லை.

அம்மா கேட்டது வேறு. "உனக்கு இதுல புதுசா என்ன இருக்கு? நீ கூப்பிடற மாமா அப்படியே மாமா. அவ கூப்பிடற சித்தி அப்படியே சித்தி. ஒரு வார்த்தையாவது மாத்தணுமா சொல்லு?"

மாற்ற வேண்டியதில்லைதான். அக்காள் புருஷனும் மாமா, கட்டிக்கொண்டவனும் மாமா. அம்மாவின் தங்கையும் சித்தி, அப்பாவின் இரண்டாவது மனைவியும் சித்தி. மொழியே பெரியவர்கள் கட்சியில் சேர்ந்துகொண்ட பிறகு சின்னவள் எங்கே போய் நியாயம் கேட்பது? "சரி" என்றாள். இரண்டு கிட்னியையும் கழற்றிக் கொடு என்றிருந்தாலும் அன்றைக்கு அதைத்தான் சொல்லியிருப்பாள். லிஃப்ட் பழுது பார்க்கும் மாமாவும், இருபது மாடி ஏறி இறங்கிவிட்டு வந்த களைப்பில், அதே "சரி"யைச் சொன்னார். இரண்டு சரி சேர்ந்து ஒரு கல்யாணம் ஆகிவிட்டது.

ஆக, ஞாயிற்றுக்கிழமை மூவரும் பொழுதுபோக்குப் பூங்காவுக்குக் கிளம்பினார்கள். குழந்தைக்கு ஆறு வயது. வீட்டில் கூப்பிடுகிற பெயர் வாலு. அக்காள் வைத்தது. இப்போதெல்லாம் வாலு பார்க்க ஆபீஸ் முடிந்து திரும்புகிற ஆள் மாதிரி இருந்தாள். ராட்சத ராட்டினமா என்றால் தோளைக் குலுக்கினாள். மோதுகிற காரா என்றாலும் அதேதான். கடைசியில் கூட்டம் குறைவாக இருந்த கதைப் படகு வரிசையில் போய் நின்றார்கள். கைக்குழந்தைகூட பயப்படாத சவாரி என்று பலகையில் எழுதியிருந்தது.

படகில் ஏற்றிவிடுகிற பெண் மூவரையும் ஒரு பார்வை பார்த்தாள். "அப்பா அந்தப் பக்கம், அம்மா இந்தப் பக்கம், பாப்பா நடுவுல. கையை வெளிய நீட்டக் கூடாது."

ஒருவரும் திருத்தவில்லை. சின்னவள் அம்மாவின் இடத்தில் போய் உட்கார்ந்தாள். பஸ்ஸில் யாரோ இறங்கிப்போன இருக்கை மாதிரி இருந்தது. பாதுகாப்புக் கம்பி மடிமேல் இறங்கியது.

படகு முழங்கால் ஆழத் தண்ணீரில் ஊர்ந்து ஊர்ந்து போனது. முதல் அறையில் பொத்தானைத் தொலைத்த கரடிக்காகக் காடே தேடிக்கொண்டிருந்தது. அடுத்த அறையில் நிலா இறங்கி வந்து கிணற்றில் குளித்தது. பொம்மைகள் கழுத்தை இடமும் வலமும் திருப்ப, ஒலிபெருக்கியில் தேன் தடவிய குரல் ஒன்று கதை சொன்னது. மூன்றாவது அறைக்கு வந்ததும் அந்தக் குரல் தாழ்ந்தது.

"அந்தச் சிறுமியை அவளுடைய சித்தி மிகவும் கொடுமைப்படுத்தினாள். காட்டில் உள்ள இலைகளை எல்லாம் எண்ணிக்கொண்டு வா என்று விரட்டினாள்."

தடித்த புருவத்தோடு ஒரு பெண் பொம்மை நின்றது. அதன் கையில் இருந்த குச்சி ஏறி இறங்கியது. மாமா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்க அந்தப் பொண்ணோட அம்மாவுக்குத் தங்கச்சியா?" வாலு கேட்டாள்.

"இல்லடா. அவ அப்பா ரெண்டாவதா கட்டிக்கிட்டவங்க. அவங்களையும் சித்தின்னுதான் சொல்லுவாங்க" என்றாள் சின்னவள்.

வாலு யோசித்தாள். படகு ஒரு வளைவைக் கடக்கும்வரை யோசித்தாள்.

"அப்ப அவளுக்கு நிஜ சித்தி இல்ல."

"எப்படிச் சொல்ற?"

"இருந்தா அவங்க வீட்டுக்குப் போயிருப்பாள்ல? எதுக்கு உக்காந்து இலை எண்ணுறா?"

வாலு சொன்ன வீடு எது என்று சின்னவளுக்குத் தெரியும். சலவைக் கடைக்கு மேலே அவள் வாடகைக்கு இருக்கும் ஒற்றை அறை. சனிக்கிழமைதோறும் வாலு அங்கேதான் தூங்குவாள். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சித்தியின் மடியில் முகத்தைப் புதைத்து ஒரு மூச்சு அழுவாள். அழுது முடித்துவிட்டு டிவி கேட்பாள். அக்காள் போனதிலிருந்து ஒரு வாரம்கூட இது தவறியதில்லை.

வெளியே வந்ததும் மாமா ஒரு பெஞ்சைக் காட்டினார். கண்ணாலேயே "சொல்லிடு" என்றார். தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று எதிர்க் கடைக்கு நகர்ந்தார். அவசரமே இல்லாத நடை.

சின்னவள் சொன்னாள். ஊசி போடுவதற்கு முன் சொல்லுகிற மாதிரி, மெதுவாக, சிரித்த முகமாக.

"எத்தன நாளைக்கு?" என்றாள் வாலு.

"எப்பவுமே."

"அந்த ரூமு?"

"காலி பண்ணிடுவேன்."

"அப்ப சனிக்கெழம நான் யார் வீட்டுக்குப் போறது?"

"எதுக்குப் போகணும்? நான்தான் உங்க வீட்லயே இருப்பேனே."

வாலு குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள். "வீட்ல அழுதா அப்பா பாத்துடுவாரு."

எட்டு மாதத்தில் முதல் தடவையாகச் சின்னவளுக்குப் பயம் வந்தது. இந்தப் பிள்ளைக்கு அழ இருந்ததே ஓர் இடம், அதையும் பூட்டிச் சாவியைக் கொடுக்கப் போகிறேனே என்று நெஞ்சு பதறியது. வார்த்தை ஒன்றும் மாறாது என்றாளே அம்மா! நிமிர்ந்தாள். இரண்டு பாட்டில்களோடு மாமா பெஞ்சுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கேட்டுவிட்டார் என்று முகம் சொன்னது.

"மாமா, புதன்கிழமை நான் வரல" என்றாள். குரல் உடைந்தது. "ரூமைக் காலி பண்ண மாட்டேன். என்னால முடியாது."

மாமா பாட்டில்களைப் பெஞ்சில் வைத்தார். "உங்கம்மாகிட்ட நானே பேசிக்கறேன்" என்றார். பிறகு மகளுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"அப்பா பாத்தா என்னடா?"

"நீங்களும் அழுவீங்க."

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தார். அதற்குள் கண்ணாடியைக் கழற்ற வேண்டியதாகிவிட்டது. வாலு சின்னவள் பக்கம் திரும்பினாள்.

"நான் சொன்னேன்ல?" என்றாள்.