போயிருக்கிறாள்

கற்பிட்டியில் புதிதாகத் திறக்கும் ஹோட்டலில் வரவேற்பு வேலைக்கு இங்கிலீஷில் இருபது கேள்விகள். பதினெட்டு சரியாக இருக்க வேண்டும். தில்லையடியிலிருந்து வந்த ஃபஹ்மியாவுக்குப் பதினேழு. இந்த வேலை கிடைக்காவிட்டால் பத்து வயது மகள் றிஷ்னாவை விட்டுவிட்டு, அவள் மறுபடியும் கட்டாருக்கு விமானம் ஏற வேண்டும். மானேஜர் கிளைட்டன் விடைத்தாளைக் காட்டியதும் அவளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. பதினோராம் கேள்விக்கு அவள் சரியாகத்தான் எழுதியிருந்தாள்.

ஆயிஷா இரண்டு முறை கட்டாருக்குப் போனவள், இப்போது புத்தளத்தில் வீட்டில் இருக்கிறாள். இதுதான் கேள்வி. ‘கோ’ என்ற சொல்லை மாற்றி இடைவெளியை நிரப்ப வேண்டும். ஃபஹ்மியா ‘ஹாஸ் பீன்’ என்று எழுதியிருந்தாள். அதை வெட்டிச் சிவப்பில் ‘ஹாஸ் கோன்’ என்று போட்டிருந்தது.

“சேர், ஹாஸ் கோன் எண்டா போனவ இன்னும் வரல்ல. இவ வந்து ஊட்டுல இரிக்கிறாவே!”

கிளைட்டன் சிரித்தான். “கோ, வென்ட், கோன். சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பீன் எங்கயிருந்து வந்தது? தமிழில சொல்லிப் பாருங்கோ மிஸ், கட்டாருக்குப் போயிருக்கிறாள்.”

வினையே அங்குதான். தமிழில் போயிருக்கிறாள் என்றால் போய்த் திரும்பியவளும் அதில் அடங்குவாள், அங்கேயே கிடப்பவளும் அடங்குவாள். இங்கிலீஷ் அப்படி விடாது. இதை ஃபஹ்மியா புத்தகத்தில் படிக்கவில்லை. தோஹாவில் ஒரு வெள்ளைக்காரி வீட்டில் எட்டு வருஷம் சமைத்துப் படித்தாள். மேடம் கடைக்குப் போயிருந்த ஒரு நாளில், போனில் கேட்டவர்களிடம் ஃபஹ்மியா ‘ஹாஸ் பீன்’ என்று சொல்லிவிட்டாள். மேடம் திரும்பிவிட்டாள் என்று நினைத்து வந்தவர்கள் வெயிலில் காத்து நின்றார்கள். அதற்கு வாங்கிய ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது. இவனோ குளிர் அறைக்குள் இருந்துகொண்டு அவளுக்குப் பாடம் நடத்துகிறான்!

“ஹெட் ஆபீஸ்ல இருந்து எங்களுக்கு அனுப்பின விடை இதுதான் மிஸ். நான் மாத்த ஏலாது.”

“பிழையெண்டு தெரிஞ்சுமா?”

அவன் அடுத்தவரின் தாளை எடுத்தான். ஃபஹ்மியா எழுந்தாள்.

“சரி சேர். வார மாசம் நான் போறதான். அப்ப என்ட மகள் ஸ்கூல்ல எழுதுவா, மை மதர் ஹாஸ் கோன் டு கட்டார் எண்டு. அது சரியான விடை.”