ஹட்சன் கவுண்டியில் எந்தக் குறிச்சி?

சாப்பிட்ட கோப்பைகளை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, குகநாதன் மேசை முழுவதும் அந்த வரைபடத்தை விரித்தான். தபாலில் எட்டாக மடிந்து வந்த தாள் சொன்னபடி கேட்கவில்லை. ஒரு மூலையை அமுக்கினால் மறு மூலை எழும்பியது. ஒன்றுக்கு உப்புப் போத்தல், ஒன்றுக்கு மிளகாய்த்தூள் டின், மூன்றாவதற்குச் சண்முகலிங்கத்தின் தேத்தண்ணிக் கோப்பை, நாலாவதற்குத் தன்னுடைய முழங்கை என்று வைத்து, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து மாவட்டமான ஹட்சன் கவுண்டியைச் சுவிற்சர்லாந்தில், பாடன் நகரத்தின் மூன்றாம் மாடிக் குசினி ஒன்றில் ஒருவழியாகப் படுக்க வைத்தான். சந்திரமதி அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அண்ணனும் தங்கையும் நேரே பேசி அன்றைக்கு ஒன்பதாவது நாள்.

"சண்முகலிங்கம், வீடு எந்த இடத்திலையெண்டு அவளிட்டைக் கேள்."

சண்முகலிங்கம் பக்கத்து அறையில் இருப்பவன். குகநாதனோடு ஒரே வகுப்பில் படித்து, இப்போது ஒரே உணவகத்தின் பின்பக்கத்தில் கோப்பை கழுவுகிறவன். வாடகையில் பாதி கொடுத்த குற்றத்துக்காக இந்த ஒன்பது நாளும் இரண்டு பேருக்கும் நடுவில் தூது போய்க்கொண்டிருந்தான். குசினி நாலு எட்டு வைத்தால் முடிந்துவிடும். சொன்னது அவளுக்குக் கேட்டிருக்கும் என்பது மூன்று பேருக்கும் தெரியும். இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே.

"தங்கச்சி, வீடு எந்த இடமாம் எண்டு அண்ணை கேக்கிறார்."

"பென்சிலாலை புள்ளி போட்டிருக்கு. கண் இருக்கிறவை பாக்கலாம் எண்டு சொல்லுங்கோ."

அந்தப் புள்ளிக்குச் சொந்தக்காரன் தவராஜா. ஹட்சன் கவுண்டியின் வீதிப் பகுதியில் வரைபடம் கீறுகிற வேலை. ஏப்ரல் கடைசியில் இரண்டு கிழமை லீவில் வந்து, பாடன் பதிவுக் கந்தோரில் சந்திரமதியைக் கலியாணம் முடித்துப் போவதாக ஏற்பாடு. ஏற்பாடு என்றால் அவளும் அவனும் கடிதத்தில் செய்துகொண்டது. கந்தோரில் இருபத்துநாலாம் திகதியை அவளுக்கென்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார்கள். திங்கட்கிழமைக்குள் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தின் மூலத்தைக் கொண்டுபோய்க் காட்டினால்தான் அறிவித்தல் ஒட்டுவார்கள். இல்லாவிட்டால் திகதி போய்விடும், லீவும் போய்விடும், அடுத்த லீவு எந்த வருசமோ. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அண்ணனும் தங்கையும் பேசாமல் போனதற்குக் காரணமான அந்தப் பத்திரம் குகநாதனின் சூட்கேசுக்குள் இருந்தது. சூட்கேசின் திறப்புச் சாவி அவனுடைய அரைநாண் கயிற்றில் இருந்தது. முப்பது வயதுப் பெண்ணின் பிறப்பு, அண்ணனின் இடுப்பில் தொங்கியது.

மாட்டேன் என்று குகநாதன் ஒருபோதும் சொல்லவில்லை. விசாரிக்க வேண்டும் என்றுதான் சொன்னான். யாழ்ப்பாணத்தில் விசாரிப்பது என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். முதலில் எந்த ஊர் என்று கேட்பார்கள். ஊருக்குள் எந்தப் பகுதி, எந்தக் குறிச்சி என்பது அடுத்தது. எந்தக் கோயிலடி, ஆர் வீட்டுக் கிணற்றுக்குப் பக்கம் என்பது மூன்றாவது. சாதி என்ற சொல்லை வாயால் சொல்லாமலே மூன்றாவது கேள்வியில் ஆளின் சாதி வெளியில் வந்துவிடும். இதில் குகநாதன் சாதாரண ஆள் இல்லை. கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகத்தில் காணிப் பகுதியில் பதினொரு வருசம் கிளாக்கராக இருந்தவன். காணிப் பத்திரமான உறுதியில் நாலு எல்லையை வாசித்தால் போதும், அந்தக் காணிக்காரனின் பாட்டன் மற்றவர் வளவுக்குள் முன் படலையால் வந்திருப்பானா பின் படலையால் வந்திருப்பானா என்பதைச் சொல்லிவிடுவான். ஆனால் இது எண்பத்தேழாம் வருசம். ஊருக்குக் கடிதம் போகிறது, பதில் வருவதில்லை. தொலைபேசி செத்துப்போய்க் கிடக்கிறது. கேட்டுச் சொல்லக்கூடியவர்கள் எந்தப் பள்ளிக்கூடத்தில் அகதியாகக் கிடக்கிறார்களோ. ஆகவே அவன் நேரே மாப்பிள்ளைக்கே கடிதம் போட்டான். தங்களின் ஊர், குறிச்சி, குலதெய்வக் கோயில் ஆகிய விபரங்களை அறியத் தரவும் என்று, கச்சேரித் தமிழில்.

பதில் பதினைந்தாம் நாள் வந்தது. நாலு பக்கம், முத்து முத்தான எழுத்து. கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாக இருந்தான் தவராஜா.

"மதிப்புக்குரிய அண்ணா அவர்கட்கு, நான் வசிப்பது ஹட்சன் கவுண்டி. பேர்கன் கவுண்டியிலிருந்து 1840ஆம் ஆண்டு பிரிக்கப்பட்டது. இந்த மாநிலத்திலேயே ஆகச் சிறிய கவுண்டி. கிழக்கு எல்லை ஹட்சன் ஆறு. மேற்கே ஹக்கன்சாக் ஆறும் சதுப்பு நிலமும். நடுவில் வடக்குத் தெற்காக ஒரு கல் மேடு. பன்னிரண்டு ஊர்கள், தலைநகர் ஜெர்சி சிற்றி. சனம் வாக்குப் போட்டுத் தெரிவு செய்த ஒரு தலைவரும் ஒன்பது சபை உறுப்பினரும் நிர்வாகம் பார்க்கிறார்கள். முற்காலத்தில் காணி உள்ளவன்தான் அந்தச் சபையில் இருக்கலாம். இப்போது பஸ் ஓட்டுகிறவனும் இருக்கலாம். கப்பலில் வந்து இறங்கிய லட்சக்கணக்கான ஏழைச் சனம் இங்கிருந்துதான் ரயில் ஏறியது. எல்லாருக்கும் முதல் இந்த நிலத்தில் லெனாப்பே என்கிற ஆட்கள் இருந்தார்கள். எந்தக் குறிச்சி என்று கேட்பதற்கு அவர்களில் ஒருவரையும் நான் இங்கே காணவில்லை. வரைபடம் இணைத்துள்ளேன். நான் இருக்கும் வீட்டைப் புள்ளியால் குறித்துள்ளேன். அன்புடன், தவராஜா."

இதை வாசித்தபோது சந்திரமதி குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு சிரித்தாள். அந்த வீட்டில் அந்த மாதம் அவள் சிரித்தது அது ஒருதரம்தான். வேறு ஆளாக இருந்தால் தன்னை நக்கலடித்திருக்கிறான் என்று கடிதத்தைக் கிழித்திருப்பான். குகநாதன் கிழிக்கவில்லை. பதினொரு வருசம் உறுதி வாசித்தவனுக்கு ஒரு தாளில் எல்லை என்று எழுதியிருந்தால் அது எல்லைதான். ஆள் நேரே சொல்லக் கூச்சப்பட்டு மறைமுகமாகத் தெரிவித்திருக்கிறான் என்று முடிவுகட்டி, நகர நூலகத்தில் தடித்த அமெரிக்க அட்லஸ் ஒன்றை இரவல் வாங்கிவந்து, கோப்பை கழுவிய நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அதோடு மல்லுக்கட்டினான்.

"சண்முகலிங்கம், இஞ்சை பார். இந்தக் கபில நிறக் கோடெல்லாம் உயரம். நடுவிலை இது மேடு. மேற்காலை பார், முழுக்கச் சேறு, குப்பை, ரயில் பாதை. கிழக்காலை ஆத்தங்கரை, கப்பல் துறை. பள்ளம்."

"ஓம்."

"எங்கடை ஊரிலை பள்ளத்திலை ஆர் இருக்கிறவை?"

சண்முகலிங்கம் தேத்தண்ணிக் கோப்பையை எடுக்கப் பார்த்தான். எடுத்தால் அமெரிக்காவின் மூலை எழும்பிவிடும் என்று விட்டுவிட்டான். "அமெரிக்காவிலை அப்பிடி இருக்குமோ, மச்சான்?"

"மனுசன் எங்கை போனாலும் மனுசன்தான். மேட்டிலை இருக்கிறவன் பள்ளத்திலை இருக்கிறவனைப் பக்கத்திலை விடமாட்டான்."

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறது என்பார்களே, அது இதுதான். சந்திரமதி சட்டியைத் தேய்த்த தேய்ப்பில் அதன் அடி கழன்றுவிடும் போலிருந்தது. இவர்கள் இருந்த வீடே லிம்மாட் ஆற்றங்கரையில், ரயில் போகும்போது ஜன்னல் நடுங்குகிற பள்ளத்தில். பாடன்காரர்களின் நல்ல வீடுகள் மேலே சரிவில், தோட்டமும் நாயுமாக இருந்தன. அண்ணனுடைய சாத்திரப்படி அண்ணன் ஆர் என்று கேட்க அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள். போன மாதம் அண்ணன் அகதி விசாரணைக்குப் போன இடத்தில், அதிகாரி இலங்கைப் படத்தை முன்னால் போட்டு, உன் ஊரைத் தொட்டுக் காட்டு, உன் வீட்டிலிருந்து இராணுவ முகாம் எத்தனை கிலோமீற்றர் என்று மூன்று மணித்தியாலம் குடைந்தானாம். வீட்டுக்கு வந்து, "நான் ஆரெண்டு ஒரு படத்தை வைச்சுத் தீர்மானிக்கிறாங்கள், நாய்கள்," என்று இதே மேசையில் குத்தினான். அதே மேசை, அதே கை. அவளுக்கு அவன்மேல் இரக்கம் வந்த காலமும் இருந்தது. இப்போது வரவில்லை. வெறுப்புத்தான் வந்தது, அதுவும் சோறு அவிகிற மாதிரி மெல்ல மெல்ல, மூடியைத் தூக்கிக்கொண்டு.

அவளுக்கு எட்டு வருசமாகத் தெரிந்த விசயத்தைத்தான் அவன் அட்லஸில் தேடிக்கொண்டிருந்தான். எழுபத்தொன்பதில் யாழ்ப்பாணத்தில் தட்டெழுத்து வகுப்பில் தவராஜா அவளுக்குப் பின் வரிசை வாங்கில் இருந்தான். முதல் தடவை பேச வந்தபோதே, "நான் ஆரெண்டு தெரிஞ்சுதான் கதைக்கிறீரோ? என்ரை அப்பா பனை ஏறிக் கள்ளுச் சீவுறவர்," என்றான். பிறகு தெரிந்து நீர் அவமானப்படக் கூடாது பாரும் என்றும் சொன்னான். "இப்ப தெரிஞ்சிட்டுது, இனிக் கதையும்," என்றாள் அவள். அவ்வளவுதான் அவர்களுடைய விசாரிப்பு. இன்றைக்கு அவள் தீர்மானித்திருந்தது ஒன்றுதான். வாய் திறப்பதில்லை. வெந்நீர் ஊற்றுக் குளியல் ஹோட்டலில், பக்கத்து ஊரான வெட்டிங்கனில் இருக்கிற யோகாம்பாள் அக்காவோடு நின்று, ஒரு நாளைக்கு முந்நூறு துவாய் அயர்ன் பண்ணுகிற கை இது. பத்திரம் கைக்கு வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க அவளால் முடியும்.

குகநாதன் அளவுகோலை வைத்தான். புள்ளியிலிருந்து கபிலக் கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணினான். புள்ளிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சதுரக் கட்டடம் இருந்தது. அட்லஸைப் புரட்டி அது கவுண்டி நீதிமன்றம் என்று கண்டுபிடித்தான். நிமிர்ந்தபோது அவன் முகத்தில் ஒன்பது நாளாக இல்லாத வெளிச்சம்.

"மேட்டிலையடா! நல்ல உச்சியிலை. நீதிமன்றத்துக்குப் பக்கத்து வளவு. கண்டவனையும் அங்கை குடியிருக்க விடுவாங்களோ? அதோடை காணிச் சபையைப் பற்றி ஏன் எழுதினவன்? தன்ரை பரம்பரையைத்தான் சாடைமாடையாச் சொல்லியிருக்கிறான். நல்ல பண்பான பெடியன்."

சண்முகலிங்கம் பெருமூச்சு விட்டான். குகநாதன் எழும்பி அறைக்குள் போனான். இடுப்புச் சாரத்தைத் தளர்த்துகிற சத்தம், பூட்டுச் சத்தம், மூடி திறக்கிற சத்தம். சந்திரமதி ஈரக் கையைச் சட்டையில் துடைத்தாள், திரும்பவும் துடைத்தாள். அவன் பழுத்துப்போன அந்தத் தாளை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து, ஒன்பது நாளுக்குப் பிறகு நேரே அவள் முகத்தைப் பார்த்தான்.

"இந்தா, பிள்ளை. அண்ணை கரைச்சல் தாறான் எண்டு நினைச்சிருப்பாய். உன்ரை நல்லதுக்குத்தான். பள்ளத்து ஆக்கள் எண்டு வந்திருந்தால் இதை அந்த அடுப்பிலையே வைச்சுக் கொளுத்தியிருப்பன். சத்தியமாச் சொல்லுறன். இப்ப மனம் நிறைஞ்சிட்டுது. அவன் வந்தால் இந்த மேசையிலை என்ரை கையாலை சோறு போடுவன்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். நல்ல சிரிப்பு, சின்ன வயதில் சைக்கிளில் அவளை முன்னால் ஏற்றிக்கொண்டு போகும்போது சிரித்த அதே சிரிப்பு. அவனுடைய கோபத்தை ஒன்பது நாள் தாங்கியவளால் அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. ஏப்ரலில் தவராஜா இந்தக் கதிரையில் இருப்பான், அண்ணன் சோறு போடுவான், அந்தச் சோறு முழுவதும் ஒரு பென்சில் புள்ளிக்குப் போட்டதாக இருக்கும். தவராஜாவின் தகப்பனுக்கு அதில் ஒரு பருக்கையும் கிடையாது.

அவள் பத்திரத்தை வாங்கினாள். மடிப்பை நீவி, கைப்பைக்குள் உள் அறையில் வைத்து, சிப்பை இழுத்தாள். கொழுவியிலிருந்து கோட்டை எடுத்தாள். சப்பாத்தைப் போட்டாள்.

"எங்கை போறாய்? மழை தூறுது."

"வெட்டிங்கனுக்கு. யோகாம்பாள் அக்கா வீட்டை. இண்டைக்கு அங்கை படுத்துட்டு, விடியக் கந்தோருக்குப் போறன்."

"ஏன், இஞ்சையிருந்து போகேலாதோ? நானும் வாறன்."

கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்த பிறகுதான் அவள் திரும்பினாள்.

"அண்ணை, புள்ளி மேட்டிலைதான். நீங்கள் பிழையாப் பாக்கேல்லை. ஆனால் அவரின்ரை அப்பா பனை ஏறிச் சீவினவர். எனக்கு முதல் நாளே சொன்னவர். எட்டு வருசமாத் தெரியும்."

மேசையில் முழங்கை எடுபட்டபோதே எழும்பிவிட்ட மூலையிலிருந்து ஹட்சன் கவுண்டி மெல்லச் சுருண்டுகொண்டு வந்தது. குகநாதன் அவளைப் பார்த்தபடியே, அவளிடம் அல்லாமல், சொன்னான்:

"சண்முகலிங்கம், பொய்தானே சொல்லுறாள் எண்டு அவளிட்டைக் கேள்."

சண்முகலிங்கம் வாயைத் திறந்தான். தங்கச்சி என்று தொடங்கினான். பாதியில் விட்டான். தலையைக் குனிந்து, தன் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"கேளடா!"

அவள் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினாள். ஞாயிற்றுக்கிழமையில் படியில் சத்தம் போடக் கூடாது என்று கீழ் வீட்டுக் கிழவி எழுதி ஒட்டியிருந்த தாளைத் தாண்டி, சப்பாத்துச் சத்தம் முழுவதும் கேட்கத்தான் இறங்கினாள். பின்னால் காலடி வருகிறதா என்று ஒவ்வொரு வளைவிலும் காது கொடுத்தாள். வரவில்லை. மேலே ஏதோ போத்தல் உருண்டு விழுந்த சத்தம்தான் கேட்டது. உப்பாக இருக்கும்.

தெருவைக் கடந்து, ரயில் பாலத்தின் கீழ் மழைக்கு ஒதுங்கியபோது, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். குசினி ஜன்னலில் அண்ணன் நின்றான். அவளைப் பார்க்கவில்லை. கள்ள உறுதி என்று சந்தேகம் வந்தால் கச்சேரியில் செய்கிற மாதிரி, வரைபடத்தை வெளிச்சத்துக்கு நேரே கண்ணாடியில் விரித்துப் பிடித்திருந்தான். மேடும் பள்ளமும் ஆறுகளும் உள்ளே அவன் பக்கம் இருந்தன. தெருவிலிருந்து பார்த்தவளுக்குத் தெரிந்தது தாளின் வெறும் வெள்ளை முதுகும், அதன் இரண்டு ஓரங்களையும் இறுக்கிப் பிடித்திருந்த எட்டு விரல்களும்தான். பாலத்துக்கு மேலே வெட்டிங்கன் ரயில் வந்தது. ஜன்னல் நடுங்கியது, வெள்ளைத் தாளும் நடுங்கியது, விரல்கள் விடவில்லை.