உண்டியல் படம் போட்ட புத்தகம்

உலகநாதனுக்குத் தமிழைத் தவிர வேறெதுவும் படிக்க வராது. தெலுங்கு பேசுவார், உருதுவில் சண்டையே போடுவார். எழுத்து என்று வந்துவிட்டால் கையை விரித்துவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆபிட்ஸ் நடைபாதையில் பழைய புத்தகக் குவியலுக்கு முன்னால் குனிந்து நின்றார். வரும்படிக்குள் குடும்பம் நடத்தச் சொல்லித்தரும் புத்தகம் ஒன்று வேண்டுமாம் அவருக்கு.

எல்லாம் அந்தத் துரைராஜ் செய்த வேலை. லாலாகுடா ரயில்வே பட்டறையில் பக்கத்து மிஷின்காரன். சொசைட்டியில் கடன் வாங்க ஜாமீன் கையெழுத்துக் கேட்டான். "ஒரே ஊர்க்காரன், நீயே போடலேன்னா எனக்கு வேற யாருண்ணா போடுவாங்க?" என்றான். வேலூர்க்காரனுக்கு வேலூர்க்காரன் கையெழுத்துப் போடுவது அந்தப் பட்டறையில் டீ வாங்கித் தருவது மாதிரி. தொகை என்னவென்றுகூடப் பார்க்காமல் போட்டார் மகானுபாவர்! கொஞ்ச நாளில் துரைராஜ் வேலையை உதறிவிட்டுக் குடும்பத்தோடு காணாமல் போனான். அவன் பாக்கியை இப்போது இவர் சம்பளத்தில் பிடிக்கிறார்கள்.

வீட்டில் இதைப்பற்றி அவர் மூச்சு விடவில்லை. மகள் சாந்தா இன்டர் முடித்து டிகிரி காலேஜில் இடம் வாங்கியிருந்தாள். "பீஸ் கட்டிடலாம்மா" என்று சொல்லிச் சொல்லியே நாளைக் கடத்தினார். வருகிற சனிக்கிழமைதான் கெடு.

தமிழ்ப் புத்தகம் ஒன்றும் கிடைக்கவில்லை. கடைக்காரர் உண்டியல் படம் போட்ட ஒன்றை நீட்டி, "ஹவ் சாப், பைசேகா கிதாப்!" என்றார். பணத்தைப் பற்றின புத்தகமாம். மூழ்குகிறவனுக்கு அது போதாதா? பஸ் காசைக் கொடுத்து வாங்கிக்கொண்டு வீடுவரை நடந்தே வந்தார்.

புத்தகம் தெலுங்கில் இருந்தது. மனைவி அம்மணிக்கு எந்த எழுத்தும் தெரியாது. தெலுங்குப் பள்ளியில் படித்தவள் சாந்தாதான். யாருக்குத் தெரியக்கூடாது என்று மூடி வைத்தாரோ, அவளிடமே நீட்ட வேண்டியதாயிற்று.

அவள் ஆசையாகத்தான் உட்கார்ந்தாள். படித்துப் படித்துத் தமிழில் சொன்னாள். வரவுக்குள் செலவு செய். சிறுகச் சேர்த்து வை. அவர் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

"யாருக்கும் ஜாமீன் போடாதே. போட்டா அது உன் கடன்" என்று படித்தவள் சட்டென்று நிறுத்தினாள். அவர் தலை தொங்கிப்போயிருந்தது.

"அப்பா, நீ போட்டியா?"

"ம். துரைராஜுக்கு."

"அதனாலதான் பீஸ் கட்டலையா?"

அடுப்படியிலிருந்து அம்மணிதான் கத்தினாள்: "அட கடவுளே! அவன் பொண்டாட்டி ஊருக்குக் கிளம்புறான்னு நான்தானே இட்லி கட்டிக் குடுத்தேன்! நாசமாப் போக!"

உலகநாதன் மெல்லக் கேட்டார்: "போட்டுத் தொலைச்சவனுக்கு என்ன வழின்னு எழுதியிருப்பான். பாரும்மா."

கடைசிப் பக்கம்வரை புரட்டினாள். "லேதுப்பா. இல்லவே இல்ல. போடாதேன்னு மட்டும்தான் இருக்கு."

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். பாவி மனுஷன், இதைக் கேட்கவா அவ்வளவு தூரம் நடந்தார்!

சாந்தா புத்தகத்தை மூடிவைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"மல்லாபூர்ல மருந்து கம்பெனிக்குப் பேக்கிங் பண்ணப் பொண்ணுங்கள எடுக்கிறாங்க. மாசம் நூத்தம்பது. நாளைக்கே போய்க் கேக்குறேன்."

'நக்கோ, வேண்டாம்!' என்று கத்தத்தான் வாயைத் திறந்தார். ஆனால் மனசு அதற்குள் அந்த நூற்றைம்பதை அரிசிக்கும் அம்மணியின் மருந்துக்கும் பங்கு போட்டு முடித்திருந்தது. எந்தப் புத்தகமும் சொல்லித்தராமலே வந்த கணக்கு. சீ, நானும் ஒரு அப்பனா என்று அவருக்கே உடம்பு கூசியது.

திறந்த வாயிலிருந்து கடைசியில் வந்தது இதுதான்:

"மல்லாபூருக்கு ஹப்சிகுடாவுல பஸ் மாறணும்மா."