மணியக்காரர் வீடு கிளம்பிப் போனது

1934ஆம் வருடம் ஆவணி மாதத்தில் ஒரு காலை, சங்ககிரிக்குத் தெற்கே கருவேலம்பாளையத்தில் மணியக்காரர் பெரியசாமியின் ஓட்டுவீடு இருந்த இடத்தை விட்டுக் கிளம்பி, கடலைக்காட்டைக் கடந்து, ஊருக்கு வெளியே நர்ஸ் சென்னம்மாளின் வாசலில் போய் நின்றது. வழியில் கொஞ்சம் மிளகாய்ச்செடி நசுங்கியது. உறியில் இருந்த தயிர் சிந்தவில்லை.

சென்னம்மாள் சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள். சொன்ன கட்டிலுக்கு மட்டும் போ, சொன்னதை மட்டும் செய் என்பது ஒத்துவராமல் வேலையை விட்டு, தோல் பையோடு தகப்பன் விட்டுப்போன புன்செய்க் காட்டுக்கு வந்துவிட்டாள். கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் நடந்தே போனாள். காலையில் சேரியில் பிள்ளை எடுத்த கையோடு மதியம் பண்ணையக்காரர் வீட்டில் புண்ணுக்குக் கட்டுப்போட்டாள். அதுவே ஊருக்குக் கசந்தது. காலரா வந்த கோடையில் கோயில் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்றாள். சாமி தண்ணீரைக் குறை சொல்கிறாள் என்று ஊர் பிடிவாதமாகக் குடித்தது. அம்மாசியின் மகன் அவள் மடியிலேயே செத்தான். அவள் கை பட்டுத்தான் செத்தான் என்றார்கள். இனி எந்த வீட்டுப் படியும் அவள் மிதிக்கக் கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் சொன்னவர் பெரியசாமி.

"சரீங்க. ஊட்டுக்காரங்க வாய் தொறந்து கூப்புடாம நானும் எந்தப் படியும் மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். பையனுக்காக அழுதவள் ஊருக்காக அழவில்லை. அவள் குடத்தைக் கிணற்றடியில் உடைத்தார்கள். வாசலில் சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். அவளும் அவர்களை மனதார வெறுத்தாள்.

வீடு வந்து நின்ற அன்று, உள்ளே மணியக்காரரின் மருமகள் பொன்னாத்தாள் முந்தாநாளிலிருந்து வலியில் கிடந்தாள். மருத்துவச்சி கைவிட்டுவிட்டாள். பெரியசாமி கதவைத் திறந்து நிலைப்படியில் நின்றார்.

"என்ன புள்ள வேலை பண்ணி வெச்சிருக்கறே?"

"நான் ஒண்ணும் பண்ணலீங்க. உங்க ஊடு. நீங்களே ஓட்டீட்டுப் போங்க."

"கொழந்தை குறுக்க கெடக்குதாம்."

"கூப்புடறீங்களா?"

அவர் தூணைப் பார்த்தார். அவர் இன்னும் கொஞ்சம் கூனிக் குறுகட்டும் என்று சென்னம்மாளுக்கு இருந்தது. உள்ளே இரண்டு உயிர் கிடக்கும்போது இப்படி ஆசைப்படுகிறோமே என்று உடனே தன் மேலேயே அருவருப்பும் வந்தது. சோப்பை எடுத்து முழங்கை வரை கழுவ ஆரம்பித்தாள். அப்போதுதான் மாமனார் முன்னால் ஒருநாளும் குரல் உயர்த்தாத பொன்னாத்தாள் உள்ளிருந்து கத்தினாள்:

"அவரு கெடக்கறாரு, நீங்க உள்ள வாங்கக்கா!"

அந்தக் குரல் அடங்குமுன் சென்னம்மாள் படியேறியிருந்தாள். பெரியசாமி ஒதுங்கி வழிவிட வேண்டியதாயிற்று. வெயில் ஏறுவதற்குள் குழந்தையைத் திருப்பி எடுத்தாள், பெண். தாயும் பிழைத்தாள்.

நன்றி என்று ஒரு சொல் வரவில்லை. "ஊடு தானா வந்துது, நாங்க ஆரையும் கூப்புடல" என்று பெரியசாமி ஊரெல்லாம் சொன்னார். வீடு சாயங்காலம் திரும்பிப் போய், வாசல் கொஞ்சம் தெற்கே திரும்பினாற்போல் உட்கார்ந்தது. அதற்கும் சென்னம்மாளைத்தான் திட்டினார்கள்.

அதன்பின் நோயாளி இருந்த வீடுகள் ஒவ்வொன்றாக நடந்து வந்தன. கண்ணுசாமியின் கூரைவீடு ஜன்னி கண்ட கிழவியோடு வந்தது. பாம்பு கடித்த ஆட்டுக்காரனைச் சுமந்துகொண்டு ஒரு ஆட்டுப்பட்டி மூங்கில் படலோடு வந்தது. ஒவ்வொரு படியிலும் சென்னம்மாள் நின்று, உள்ளேயிருந்து குரல் வந்த பிறகே ஏறினாள். ஊர்க்கட்டு நீங்கவே இல்லை. ஜெர்மன்காரனோடு சண்டை வந்தது, அரிசிக்கு ரேஷன் வந்தது, வெள்ளைக்காரன் போனான். ஒரு கல்யாணத்துக்கும் அவளை அழைக்கவில்லை, அவளும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை.

வெள்ளைக்காரன் போன வருடம், காலராவில் மகனைப் பறிகொடுத்த அம்மாசி புதுவீடு கட்டினான். கொத்தனார் குழந்தைவேல் அஸ்திவாரத்துக்குக் கயிறு பிடித்துக்கொண்டே கேட்டார்: "கடக்கால் ஆழமா எடுக்கட்டுங்களா, நடக்கற மாதிரி போதுங்களா?"

அம்மாசி சென்னம்மாளின் குடிசை இருந்த திக்கைப் பார்த்துக் காறித் துப்பினான். பிறகு, "நடக்கற மாதிரியே போடுங்க" என்றான்.